முப்பத்தொரு வருடத்து வெறுங்காது

தில்லைநாதனின் இடது காதில் குணுக்கு ஏறியபோது மணி இரண்டே கால். நான்கு மணிக்கு மகள் வினோஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

குணுக்கு என்றால் பெரிய சாமான் இல்லை. உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று, அதில் விரல் நீள நூல், நூலின் நுனியில் சிவப்புப் பெயின்ற் பூசிய காய்ந்த பாக்கு. முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் தோற்ற சோடியின் காதுகளில் அது தொங்கும். உடுவிலில் தில்லைநாதன் வீட்டுக் கார்க் கொட்டிலில், கார் போய் இருபது வருடமான அந்தக் கொட்டிலில், ஞாயிறுதோறும் நான்கு நண்பர்கள் கூடிச் சீட்டு விளையாடுவார்கள். மார்க்கண்டுவும் குருநகர்ச் செபநாயகமும் ஒரு சோடி. தில்லைநாதனும் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் கனகசபாபதியும் மறு சோடி. முப்பத்தொரு வருடமாகப் பாக்குத் தொங்கியதெல்லாம் முதற் சோடியின் காதுகளில்தான்.

இதைத் தில்லைநாதன் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடப்பதே கோடு போட்டது மாதிரி நடப்பார். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில்கூட, வாயில் பஞ்சோடு, பல் வைத்தியருக்குத் தன் வெறுங்காதின் வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் எழும்பினார். "என்ரை மூளை, கனகசபாபதியின்ரை கை" என்று முடிப்பார். கனகசபாபதி பக்கத்தில் இருந்தால் ஓமென்று தலையாட்டுவார்.

இன்றைக்கு அந்தக் கைக்கு என்னவோ வந்துவிட்டது. தில்லைநாதன் ஏற்கெனவே வென்றுவிட்ட பிடியை, அந்தச் சுற்றை, கனகசபாபதி துரும்புச் சீட்டுப் போட்டு வெட்டி, இருந்த ஒரே துரும்பையும் நாசமாக்கினார்.

"டேய், அது எங்கடை பிடியடா!"

"நான் கவனிக்கேல்லை மச்சான்."

"முப்பத்தொரு வருசமாய்க் கவனிச்சனீ, இண்டைக்கு என்ன கண்ணிலை பூ விழுந்திட்டுதோ?"

கனகசபாபதி தன் காதில் தொங்கிய பாக்கைத் தடவிப் பார்த்தார். மார்க்கண்டு கைத்தொலைபேசியை எடுத்து நான்கு பக்கமும் நின்று படம் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் கனடாவில் இருக்கும் தில்லைநாதனின் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. தில்லைநாதன் எடுக்கவில்லை.

"கழட்டுங்கோ அதை!" வீட்டுக்குள்ளிருந்து வந்த மனைவி மீனாம்பிகை கொட்டில் வாசலில் நின்று சத்தம் போட்டார். "இஞ்சாருங்கோ, மாப்பிள்ளையின்ரை தேப்பன் சோமசேகரம் மாஸ்ரர் எப்பிடிப்பட்ட கண்டிப்பான மனுசன் எண்டு தெரியும்தானே? உந்தக் கோலத்திலை பார்த்தா வாசலோடை திரும்பிப் போவார்."

தில்லைநாதன் சுவரைக் காட்டினார். அங்கே அவரே தட்டெழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டிய விதிகள் இருந்தன. மூன்றாம் விதி: குணுக்கு ஏறியவர் இதே மேசையில் வென்றே அதைக் கழற்றலாம். கலியாணவீடு, செத்தவீடு, தேர், தீர்த்தம் எதுவும் விலக்கல்ல.

இந்த விதியின் பேரில்தான் அவர் செபநாயகத்தை இரண்டு பாக்கோடும் அவருடைய கோயில் திருநாளுக்கு அனுப்பினார். மார்க்கண்டு அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போனதும் பாக்கோடுதான். இன்றைக்கும் அந்த அட்டையில் இடது காதடியில் ஒரு நிழல் விழுந்திருக்கும்.

"நான் எழுதின சட்டத்தை நானே முறிக்கிறதோ?" என்றார் தில்லைநாதன். "ஒரு ஆட்டம். பத்து நிமிசம். வெண்டு கழட்டுறன்."

"இண்டைக்குச் சீட்டுக்கட்டைத் தொட வேண்டாமெண்டு காலமை சொன்னனான்தானே!"

அதுவும் உண்மைதான். காலையில் சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தவரை வினோஜாதான் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "அவை நாலு மணிக்குத்தானே வருவினம் அப்பா. சும்மா இருந்தா பதட்டம் கூடும். ரெண்டு ஆட்டம் ஆடுங்கோவன்" என்று சொல்லி, நண்பர்களையும் அவளே தொலைபேசியில் அழைத்தாள். மாப்பிள்ளை கோபிசங்கர் அவள் வேலை செய்யும் கந்தோரில்தான் வேலை. தகப்பனுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு அவள் அமைதியாக இருந்தது தில்லைநாதனுக்குப் பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் செபநாயகம் பிடிக்கப்போகிறார் என்று கொட்டிலடியில் மேய்ந்த கோழிக்கும் தெரிந்த பிடியில், கனகசபாபதி தன்னிடமிருந்த ஒன்பதைக் கொண்டுபோய்ப் போட்டார். இந்த ஆட்டத்தில் ஒன்பது என்றால் இருபது புள்ளி, ஆசுக்கும் மேலான தாள். சின்னத் தாள் மூன்று கையில் இருக்கத்தக்கதாக!

வலது காதிலும் பாக்கு ஏறியது.

தேத்தண்ணி கொண்டுவந்த வினோஜா தகப்பனின் இரண்டு காதையும் பார்த்தாள், கனகசபாபதியைப் பார்த்தாள், தட்டை வைத்துவிட்டுப் போனாள். பிள்ளைக்கு மனம் உடைந்துவிட்டது என்று தில்லைநாதன் நினைத்தார். இந்தச் சம்பந்தம் அவளுக்குப் பிடித்த சம்பந்தம். அது தன் காதால் குழம்பிப் போகக் கூடாது.

"இனி நீ வாயையும் பொத்து, மூளையையும் பொத்து" என்றார் கனகசபாபதியிடம். "நான் கேட்கிறன், நான் துரும்பு வைக்கிறன், நான் வெல்லுறன். நீ நான் போடுறதைப் பார்த்துப் போடு, காணும்."

"சரி மச்சான்."

தில்லைநாதன் இருநூற்றிருபது புள்ளி எடுப்பதாகக் கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அவ்வளவு கேட்டதில்லை. செபநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார். ஆறு பிடிவரை எல்லாம் அளவுகோல் வைத்தது மாதிரிப் போனது. ஏழாவது பிடியில், கிளாவர் ஒன்பது எப்போதோ போய்விட்டது என்ற நம்பிக்கையில், கிளாவர் ஆசு இறக்கினார். போனது இஸ்பேட் ஒன்பது. கிளாவர் ஒன்பது செபநாயகத்தின் கையில் அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது.

"நீ ஏன்ரா அந்த நேரம் செருமினனீ?" என்று தில்லைநாதன் கனகசபாபதியின் மேல் பாய்ந்தார்.

"தொண்டை கரகரத்தது."

"உன்ரை தொண்டையாலை என்ரை கணக்குப் பிழைச்சுப் போச்சு!"

நான்காம் விதி: மூன்றாவது தோல்விக்கு மூக்கு. அதையும் அவர்தான் எழுதியிருந்தார். யாரும் எட்டமாட்டார்கள் என்ற துணிவில் எழுதியது.

மார்க்கண்டு மிக மரியாதையாக, அர்ச்சனைத் தட்டு நீட்டுவது மாதிரி, மூன்றாவது கிளிப்பை நீட்டினார். தில்லைநாதன் அதை மூக்கில் மாட்டவும் ஒழுங்கையில் ஓட்டோ வந்து நின்றது. மணி மூன்றரை.

"வந்திட்டினம்!" மீனாம்பிகை கையிலகப்பட்ட சால்வையை எறிந்தார். "முகத்தைச் சுத்திக் கட்டுங்கோ. கூகைக்கட்டு எண்டு சொல்லுவம். கன்னம் வீங்கினா ஆரும் துணி கட்டுறதுதானே."

சால்வை தில்லைநாதனின் தலையைச் சுற்றி, காதைச் சுற்றி, மூக்கையும் மூடியது. கனகசபாபதிக்கு வாழைக்குலை கட்டி வந்த சாக்குத்துண்டு கிடைத்தது. நால்வரும் வீட்டுக்குள் ஓடினார்கள்.

சோமசேகரம் மாஸ்ரரும் மனைவியும் உள்ளே வந்து இருந்தார்கள். மாஸ்ரர் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. இளைப்பாறிப் பத்து வருடமாகியும் ஒரு வகுப்பை அடக்கும் பார்வை. எதிரே இரண்டு மூட்டைகள் மாதிரி இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை மாறி மாறிப் பார்த்தார்.

"அவருக்குக் கூகைக்கட்டு" என்றார் மீனாம்பிகை.

"மற்றவருக்கு?"

"அவருக்கும்."

"தொத்து வருத்தமெல்லே" என்று மாஸ்ரரின் மனைவி கதிரையை வாசற்பக்கம் நகர்த்தினார்.

"இல்லை, இல்லை, மாறி வருகுது" என்றார் தில்லைநாதன். மூக்குக் கிளிப்பால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சத்தமே மாறிப்போச்சே! உது மூளைக்கு ஏறினாக் கூடாது" என்று மாஸ்ரர் முன்னால் குனிந்தார். "நான் இருபது வருசம் சுகாதாரம் படிப்பிச்சனான். துணியைக் கொஞ்சம் விலத்துங்கோ, பார்ப்பம்."

"ஐயோ, காத்துப் படக்கூடாதாம்!" என்றார் மீனாம்பிகை.

"ஆர் சொன்னது? காத்து நல்லாப் படவேணும். பொறுங்கோ, என்ரை பெறாமகன் சுகாதாரப் பரிசோதகர். அவனைக் கூப்பிடுறன். இந்த வீட்டிலை ஆருக்கும் தொத்தினதோ எண்டு பார்க்க வேணும்."

மாஸ்ரர் தொலைபேசியை எடுத்தார். மனைவி எழும்பிவிட்டார். "பிறகு ஒரு நாளைக்கு வருவமே?" என்று கணவரிடம் மெல்லச் சொன்னார். அந்தப் பிறகு ஒரு நாள் வராது என்பது அவருடைய நடையிலேயே தெரிந்தது. குசினிக் கதவோரம் வினோஜா நின்றாள்.

தில்லைநாதன் மகளைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் அவரால் இருக்க முடியவில்லை. எழும்பி, சால்வையை ஒரே இழுவையில் உருவினார். மூன்று சிவப்புப் பாக்குகளும் ஆடின.

"மாஸ்ரர், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார். "நான் சீட்டிலை தோத்துப்போனன்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு, பல்லுப் பிடுங்கியபோது இருந்த அதே வெறுமை இருந்தது. அதே நிம்மதியும் இருந்தது.

"பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்கோ. பிள்ளை நல்ல பிள்ளை. தேப்பனைப் பார்த்து அவளை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ. மூண்டுதரம் தோத்தனான். சட்டப்படி வெண்டுதான் கழட்டலாம். சட்டமும் நான்தான் எழுதினனான்."

மாஸ்ரர் எழும்பினார். வெளியே போய்க் கொட்டில் சுவரில் இருந்த விதிகளைக் கண்ணாடி போட்டு ஒன்றுவிடாமல் வாசித்தார். திரும்பி வந்தபோது அவருடைய வாய்க்கோடியில் ஏதோ துடித்தது.

"உள்ளதைச் சொல்லுறன்" என்றார். "இந்தச் சம்பந்தம் வந்த நாள் தொட்டு எனக்கு ஒரே யோசினை. முப்பத்தொரு வருசமாய்த் தோக்காத மனுசன் எண்டு போற இடமெல்லாம் சொல்லிச்சினம். தோக்கத் தெரியாத ஆளோடை சம்பந்தியாய் இருந்து நான் என்ன செய்யிறது? நாள் வைக்கிறதிலை இருந்து பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற வரைக்கும் அவர்தானே வெல்லுவார்! ஏலாதெண்டு மகனிட்டைச் சொல்லிப்போட்டன். அவனைக் கூட்டிக்கொண்டு வராமல் இண்டைக்கு வந்ததே மரியாதையாய் வேண்டாமெண்டு சொல்லத்தான்."

மீனாம்பிகை தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா மூக்கிலையும் மாட்டிக்கொண்டு சட்டத்தை மதிக்கிற மனுசனை எங்கை தேடுறது?" மாஸ்ரர் சட்டைக் கையை மடித்தார். "மார்க்கண்டர், கொஞ்சம் எழும்பி எனக்கு இடம் தாரும். எங்கடை அளவெட்டியிலையும் முந்நூற்றிநாலு விளையாடுவினம்."

நான்காவது ஆட்டம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும் சத்தத்தோடு நடந்தது. மாஸ்ரர் நன்றாகவே விளையாடினார். ஆனால் கனகசபாபதியின் கை திரும்பி வந்துவிட்டது. எந்தத் தாள் எங்கே இருக்கிறதென்று தாளுக்குத் தெரியுமுன்பே அவருக்குத் தெரிந்தது. வென்றபோது தில்லைநாதன் கிளிப்புகளைத் தன் கையாலேயே கழற்றி, "சம்பந்தி, குறை நினைக்கக் கூடாது" என்றபடி மாஸ்ரரின் காதில் ஒன்றை மாட்டினார். மாஸ்ரரின் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆவணியில் நாள் வைப்பதென்று அந்தப் பாக்கு ஆட ஆட முடிவாயிற்று.

விருந்தினர் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, தில்லைநாதன் தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனார். பின்வாசலில் வினோஜாவும் கனகசபாபதியும் இரகசியம் பேசுவது கேட்டது.

"நல்ல வேளை மாமா, கோபி தன்ரை தேப்பனின்ரை யோசினையை எனக்கு முன்கூட்டியே சொன்னது. அப்பாவை ஒருக்காத் தோக்கப் பண்ணாட்டில் மாஸ்ரர் ஓமெண்டு சொல்லியிருக்கவே மாட்டார். உங்கடை காதிலையும் எனக்காகப் பாக்கு ஏறிட்டுதே."

"என்ரை காது கிடக்கட்டும் பிள்ளை."

தில்லைநாதன் செம்போடு அப்படியே நின்றார். கோபம் வரவேண்டிய இடத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியென்றால் அவர் தோற்கவில்லை! வேண்டுமென்றே தோற்கடிக்கப்பட்டிருக்கிறார். அது கணக்கில் சேராது. முப்பத்தொரு வருடம் அப்படியே இருக்கிறது. எப்பேர்ப்பட்ட திட்டம் போட்டிருக்கிறாள் பெட்டை! யாருடைய மூளை? பெருமை தாங்காமல் அவர் பின்வாசலுக்குப் போய் இருவரையும் கட்டிப்பிடிக்கக் கால் எடுத்து வைத்தார்.

"ஆனா மாமா, ரெண்டு காதும் காணுமெண்டுதானே சொன்னனான்?" என்றாள் வினோஜா. "பாவம் அப்பா, அந்த மூக்கு ஆட்டத்தையும் ஏன் தோத்தனீங்கள்?"

கனகசபாபதி செருமினார்.

"நான் தோத்தது ரெண்டுதான் பிள்ளை. மூண்டாவது உன்ரை அப்பா தானாத் தோத்தது."