முப்பத்தொரு கோல் வாங்கிய றொனியை மீட்ட படலம்

பந்தொன்றைத் தன் ஐம்பத்துநான்கு ஆண்டு வாழ்நாளில் ஒருமுறையேனும் உதைத்தறியாதவனும், பிறர் உதைத்த பந்துகள் யாவற்றையும் பற்றித் தீர்ப்புரைக்க வல்லவனும், பலேர்மோ நகரத்துப் பொலிதேயாமாவில் முதிய சின்யோரா ஒருத்தியின் மூன்றாம் மாடி இல்லத்தில் ஆறு நாளும் துடைப்பமேந்தித் தூசிப்படையைப் புறமுதுகிடச் செய்து, ஏழாம் நாளில் மட்டும் நாவென்னும் வாளை உறைகழற்றும் விரதம் பூண்டவனுமாகிய கோபாலசிங்கம் என்னும் கோமகனை முதற்கண் வணங்குகின்றோம். அவன் வென்ற போரைச் சொல்லப்போகின்றோம். வென்றான் என்றே இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

பெல்லகிரீனோ மலைக்குகையில் வீற்றிருந்து, சிலுவை அணிந்தோரையும் திருநீறு அணிந்தோரையும் ஒரே செங்குத்துப் பாதையில் மூச்சிரைக்க ஏறவைக்கும் சாந்த ரொசாலியா தாயே, நீ துணை நிற்பாயாக. எம் நா தடுமாறாதிருக்கட்டும். சொல்லி முடிக்கும்வரை எவரும் குறுக்கே கிரிக்கெட் பற்றிக் கதையாதிருக்கட்டும்.

அந்நகரின் சீசா என்னும் பகுதியிலே வளர்பிறை விளையாட்டுக் கழகம் என்றொன்று உண்டு. பெயரளவில் வளர்ந்த கழகம். பலேர்மோத் தமிழர் நான்கு கழகங்களாகப் பிரிந்து, அணிக்கு எழுவராக நின்று, கோடைதோறும் உதைபந்தாடும் கிண்ணப் போட்டியில், சென்ற ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் முப்பத்தொரு கோல் வாங்கி, கடைசி இடத்தை வேறெவரும் நெருங்க முடியாதபடி அரண் அமைத்துக் காத்துக்கொண்டது. ஆயினும் தோற்றோர்க்கும் ஒரு நீதி வைத்திருந்தது போட்டிக் குழு. நகருக்குப் புதிதாக வந்த ஆட்டக்காரரைக் கழகங்கள் கையைப் பிடித்து இழுக்காமல், தெரிவு நாளன்று முறைவைத்துப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். கடைசியாக வந்த கழகமே முதலில் எடுக்கும். பழைய ஆட்டக்காரர் அதற்குமுன் தம் கழகத்தின் படிவத்தில் மீண்டும் கையெழுத்திடாவிட்டால், கட்டறுந்த காளைபோல் விடுபட்டவராகி, விரும்பிய கழகத்துக்குப் போகலாம்.

ஆக, வளர்பிறையின் முன் இரண்டு வினாக்கள் எழுந்து நின்றன. யாரை எடுப்பது? யாரை விடுவது?

எடுக்கத்தக்கோர் இருவர். மெசீனாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த றோபேட், கைகளை விரித்தால் கோல்கம்பம் இரண்டும் வெட்கி ஒதுங்கும் நெடியோன், கோல்காப்பாளன். கத்தானியாவிலிருந்து வந்த அனுசன், காற்றைப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரச் செய்யும் விரைகாலன், முன்கள வீரன். விடலாமா என்று ஐயுறப்பட்டவன் ஒருவனே. அவன்தான் முப்பத்தாறு வயதினனும், வளர்பிறையின் கோலை ஒன்பதாண்டுகள் காத்தவனும், காத்தும் முப்பத்தொரு கோல் வாங்கியவனுமான றொனி.

தெரிவு நாள் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் வாய்த்தது. ஐந்தரை மணிக்குத் தொலைபேசிவழி ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொல்லவேண்டியவள் நிரோசினி, பல்வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் பணிபுரிவதால் அலறல்களுக்கு அஞ்சாத கழகச் செயலாளர். ஆதரவாளர் ஆறு பேரும் ஒருமனதாக ஒரு பெயரைத் தந்தால் அதையே சொல்வதாக அவள் வாக்களித்திருந்தாள். ஆறு தமிழர் ஒருமனதாவதா என்று தேவர்கள் வானில் நகைத்தனர்.

பூசை முடிந்த பின் பங்குக் கோயில் முற்றத்து நாரத்தை மரநிழலில், மேசையொன்றின் இருபுறமும் படைகள் அணிவகுத்தன. வடபுறம் கோபாலசிங்கமும் அவன் பக்கத்தார் இருவரும். தென்புறம் ஸ்ரனிஸ்லாஸும் அவன் பக்கத்தார் இருவரும். யார் இந்த ஸ்ரனிஸ்லாஸ்? மன்னார்க் கரையிற் பிறந்து, உணவகச் சமையற்கட்டில் நாளொன்றுக்கு நாற்பது கிலோ கத்தரிக்காயை வெட்டி வீழ்த்தும் வன்கரத்தோன், றொனியின் தாய்மாமன், எல்லாவற்றுக்கும் மேலாக, கோபாலசிங்கத்தோடு பதினொரு ஆண்டுகள் காலை ஆறேகால் பஸ்ஸில் ஒரே இருக்கையைப் பகிர்ந்தவன். கோபாலசிங்கம் முதுகு பிடித்துக் கட்டிலில் கிடந்த மூன்று வாரமும் சின்யோராவின் வீட்டைத் தான் போய்த் துடைத்து, நண்பனின் வேலையைக் காத்துக்கொடுத்தவனும் அவனே. அத்தகையோர் இருவர் அன்று ஒருவரையொருவர் முகம் பாராது நின்றனர்.

முதற்கணை தொடுத்தவன் கோபாலசிங்கம்.

"கதவில்லாத வீட்டுக்கு ஆரும் கூரை மேயிறதில்லை. முதல் கீப்பர். றோபேட்டை எடுப்பம், றொனியை விடுவம்."

சொல்லிய வாய் மூடுமுன் தென்திசையிலிருந்து எதிர்க்கணை வந்தது.

"முப்பத்தொண்டு வாங்கினது உண்மை. நாங்கள் அடிச்சது எத்தினை? நாலு. அனுசனை எடும், றொனி நிக்கட்டும்."

பின்னர் மூண்டது பெரும்போர். சென்ற ஆண்டின் ஒன்பது ஆட்டங்களும் மேசைமீது மீண்டும் ஆடப்பட்டன. தேநீருக்கென வைத்த சிற்றுண்டிகளில் றோல்ஸ் ஏழும் வளர்பிறை அணியாயின. பற்றிஸ் ஏழும் எதிரணியாயின. தக்காளிச் சோஸ் போத்தல் நடுவராக நிமிர்ந்து நின்றது. கோபாலசிங்கம், ஆற்றுப்படுத்தும் புலவனைப்போல், பந்து எவ்வழி வந்தது, எவ்விடத்தில் திரும்பியது, றொனி எப்பக்கம் பாய்ந்தான், பந்து எப்பக்கம் போயிற்று என்று ஒவ்வொரு கோலாகப் படைநகர்த்திக் காட்டினான். பதினான்காம் கோலை அவன் காட்டிக்கொண்டிருக்கையில், வாதத்தின் உக்கிரத்தில் தன்னை மறந்த ஸ்ரனிஸ்லாஸ், எதிர்க்கழகமான பிரான்காச்சோ அணியின் நடுக்களத்தை எடுத்து உண்டுவிட்டான். ஆளில்லா நடுக்களத்தின் வழியே வந்தது எப்படிக் கோலாகும் என்று உடனே வினவினான். இது அறப்போர் அன்று என்று வடபடை கொதித்தது. பழிக்குப் பழியாக வடபடையினர் தம் பின்கள வீரர் இருவரைத் தாமே உண்டனர். ஏன் அப்படிச் செய்தனர் என்பது இன்றளவும் விளங்கவில்லை.

மூன்று மணியில் தொடங்கிய சமர் நான்கு மணியிலும் தணியவில்லை. சொற்கள் ஈட்டிகளாயின; ஈட்டிகள் இடிகளாயின; மரத்திலிருந்த புறாக்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தன. அப்பொழுதுதான் கோபாலசிங்கம், பின்னாளில் நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்ட அந்தச் சொல்லை எய்தான். றொனி கோலுக்குள் நிற்பதற்கும் ஒரு கதிரையை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு, கதிரை பிழையான பக்கம் பாயாது என்பதே என்றான்.

வடபடையும் சிரிக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் கையிலிருந்த றோல்ஸை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"சிங்கம், நாளையிலை இருந்து நான் ஆறரை பஸ்ஸிலை போறன்," என்றான்.

பதினொரு ஆண்டு நட்பு பதினைந்து நிமிட இடைவெளியில் பிளந்தது. அண்டம் நடுங்கியதோ இல்லையோ, கோபாலசிங்கத்தின் கீழுதடு நடுங்கியது. ஆயினும் வீரன் பின்வாங்கான் என்ற பழைய பிடிவாதம் அவன் கழுத்தைப் பிடித்துத் திரும்பவிடாது நிறுத்தியது.

அந்நேரம் பின்கட்டுச் சமையலறைக் கதவு திறந்தது. தேநீர்த் தட்டை இரு கைகளிலும் தாங்கி வெளிவந்தான் ஒருவன். ஒரு மணிநேரமாக உள்ளே நின்று பால் காய்ச்சி, சாயம் வடித்து, திறந்த யன்னல்வழியே முப்பத்தொரு கோலையும் வரிசை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்த றொனியே அவன்.

கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பரிமாறினான். நீரிழிவுக்காரனான கோபாலசிங்கத்துக்குச் சீனி போடாத கோப்பையை மறவாது கொடுத்தான். பின்பு வெறுந்தட்டைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, வேலைக்குப் புறப்படுபவன்போல் சொன்னான்.

"நான் பிரான்காச்சோவுக்குப் போறன். அஞ்சு மணிக்குக் கையெழுத்து வைக்க வரச்சொன்னவை. அங்கை என்னை முன்னுக்கு விளையாட விடுகினமாம்."

முன்னுக்கு! ஒன்பது ஆண்டுகளாக வளர்பிறையின் வலைக்குமுன் தனித்து நின்று, தொலைவில் பிறர் கோலடித்துக் கட்டித்தழுவுவதைக் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்த அந்த நெஞ்சுக்குள் அப்படியொரு வேட்கை கனன்றுகொண்டிருந்ததை, அவனைக் கூறுகூறாக அரிந்து ஆராய்ந்த அறுவரும் அறிந்தாரில்லை. அவன் படலையைத் திறந்து தெருவில் இறங்கினான். யாரை விடுவது என்று மோதிக்கொண்டவர்களை விடவேண்டியவனே விட்டுப் போனான்.

அறுவரும் கோப்பையும் கையுமாக எழுந்தோடினர். படிவத்தை எடுத்துக்கொண்டு நிரோசினி ஓடினாள். கணவன் கழற்றி வைத்த ஜக்கெற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கோபாலசிங்கத்தின் இல்லத்தரசி குகனேஸ்வரி கடைசியாக நடந்தாள். இவர்கள் ஓடும் ஓட்டம் எவ்வளவு தூரம் போகுமென்று அவளுக்குத் தெரியும்.

தரிப்பிடத்தில் றொனி நின்றான். அவன் தலைக்குமேல் மின்பலகை, பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ் நான்கு நிமிடத்தில் வருமென்று செவ்வெழுத்தில் அறிவித்தது. படையினர் மூச்சு வாங்கி முடிக்க ஐந்து நிமிடமாயிற்று. பலகை நான்கு நிமிடம் என்றது. காலதேவனே, உன் சக்கரத்தை ஞாயிறு மாலைகளில் பலேர்மோத் தெருக்களில் மட்டும் நிறுத்திவைக்கும் உன் கருணையை என்னென்போம்!

முதலில் ஸ்ரனிஸ்லாஸ் தூது சென்றான். குருதியுறவை முன்னிறுத்தினான். அவனைப் பெற்றவளான தன் தங்கை கண்ணீர் வடிப்பாள் என்றான். ஞாயிறுதோறும் மாமி எமிலியானா வைக்கும் நண்டுக் குழம்பை நினைவூட்டினான்.

"மாமா, அந்தக் குழம்பைச் சாப்பிடேக்கையும் முப்பத்தொண்டைத்தானே கதைக்கிறியள்," என்றான் றொனி.

மன்னார் மாவீரன் தலைகவிழ்ந்து திரும்பினான். பலகை நான்கு நிமிடம் என்றது.

பின்னர் கோபாலசிங்கம் முன்னே வந்தான். சொல்லால் சுட்டவனே சொல்லால் ஆற்றவேண்டிய நேரம். வழக்கம்போல் வாதாடத்தான் வாய் திறந்தான். பத்தொன்பதாம் கோல், மழைநாள், இடப்பக்கம் என்று தொடங்கினான். அந்த மழை அவன் கண்முன் வந்தது. ஆறு பேர் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, சேற்றுக்குள் ஒருவன் மட்டும் கை நீட்டிப் பாய்ந்தது வந்தது. இருபதாம் கோலுக்கும் அவனே பாய்ந்தான். இருபத்தொன்றுக்கும் பாய்ந்தான். மேசைமீது றோல்ஸை நகர்த்தியபோது தெரியாத ஏதோவொன்று தரிப்பிடத்தில் நின்றபோது தெரிந்தது. நாவாள் கையிலிருந்து நழுவியது.

"தம்பி, முப்பத்தொண்டையும் நான் பார்த்தனான். நீ ஒண்டுக்கும் சும்மா நிண்டு பார்க்கேல்லை. எல்லாத்துக்கும் பாஞ்சனீ. நான் பிழையாக் கதைச்சுப்போட்டன்."

பின்னால் ஜக்கெற்றோடு வந்துசேர்ந்த குகனேஸ்வரி, இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் ஒருமுறையும் கேளாத அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொருதரம் சொல்லும்படி அமைதியாகக் கேட்டாள். அவன் சொன்னான். ஸ்ரனிஸ்லாஸையும் பார்த்துச் சொன்னான். ஸ்ரனிஸ்லாஸ் பஸ் அட்டவணையைப் படிப்பவன்போல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான்.

றொனி தெருவிலிருந்து கண்ணெடுத்து அவர்கள் பக்கம் திரும்பினான்.

"முன்னுக்கு விடுவியளோ?"

"விடுவம்," என்றான் கோபாலசிங்கம்.

"ஓம், விடுவம்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

அவ்விரு சொற்களும் இணைந்த கணத்தில், கடலைப் பிளந்துவரும் கலம்போல் பஸ் வந்து நின்றது. கதவுகள் இரண்டும் பெருமூச்சுடன் திறந்தன. ஏறு என்றது பிரான்காச்சோவின் புகழ். நில் என்றது சீசாவின் பாசம். சாரதி, ஏறுகிறாயா இல்லையா என்பதைச் சிசிலியருக்கே உரிய ஒற்றைக் கையசைவால் வினவினான். றொனி தலையசைத்து மறுத்தான். கதவுகள் மூடின. பஸ் வெறுமையாய்ப் போயிற்று. அறுவர் எழுப்பிய ஆரவாரத்தில் எதிர்மாடத்துக் கிழவர் எழுந்துவந்து, எந்த அணி வென்றது என்று கேட்டார்.

அதன்பின் அரசியல் அனைத்தும் நூல்பிடித்தாற்போல் நேராயிற்று. றொனி முன்கள வீரனானபடியால் அனுசன் தேவைப்படவில்லை. கோல் வெறுமையானபடியால் றோபேட் தேவைப்பட்டான். ஸ்ரனிஸ்லாஸின் மருமகன் தங்கினான்; கோபாலசிங்கத்தின் கீப்பர் வந்தான்; இருவரும் தோற்காமல் இருவரும் வென்றனர். வளைந்து கொடுத்த மாமனின் முதுகே மேசையாக, றொனி படிவத்தில் கையெழுத்திட்டான். ஐந்தரை மணிக்கு நிரோசினி தொலைபேசியை உயர்த்தி, எண்டிசையும் அதிர றோபேட்டின் பெயரை முழங்கினாள். மறுநாள் ஆறேகால் பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருவர் நெருங்கி அமர்ந்து, கிண்ணத்தை எந்த மண்டபத்தில் எந்த அலுமாரியில் வைப்பதென்று பொலிதேயாமா வரும்வரை வாதிட்டனர்.

நாட்கள் உருண்டன. வளர்பிறையின் வாகை சூடும் பருவம் பிறந்தது. ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, பொற்கதிர் பரப்பிப் பகலவன் எழ, பச்சை மேலாடை புனைந்த எழுவர் புழுதிக்களம் புக, குகனேஸ்வரி தோடம்பழம் உரித்த தட்டை ஏந்திநிற்க, கோபாலசிங்கமும் ஸ்ரனிஸ்லாஸும் தோளோடு தோள் சேர்ந்து கோட்டோரம் மலையெனச் சமைந்து நிற்க, நடுவரின் ஊதுகுழல் வெண்சங்கமென ஒலிக்க, உலகமே மூச்சடக்கி வளர்பிறையின் கோல்வாயிலை நோக்கிற்று.

றோபேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை என்றபடியால் றொனிதான் கோலுக்கு நின்றான்.