என்னங்க என்றால் என்ன?

காரைக்குடி நூற்பாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த அழகுசுந்தரத்துக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. புது மிஷின் மாட்ட வந்திருந்த ஜெர்மன்கார இஞ்சினியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"உங்கள் மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

"என்னங்க."

"அதற்கு என்ன அர்த்தம்?"

"என்ன என்றுதான் அர்த்தம்."

"அதைத்தான் நானும் கேட்கிறேன்!"

விஷயம் புரிந்ததும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகத் தானே நாளும் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து துரையின் கண்ணை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது அழகுசுந்தரத்துக்கு. வீட்டுக்காரி சோலையம்மாள் புருஷன் பேரை மட்டுமா சொல்லமாட்டாள்? 'அழகு' என்ற சொல்லே அவள் வாயில் வராது. நல்ல சேலையைப் பார்த்தால் "லச்சணமா இருக்கு" என்பாள். கள்ளழகர் அவளுக்கு 'மலைச் சாமி'. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால், பக்கத்து வீட்டு நாச்சியார்தான் வந்து சொல்ல வேண்டும். துரை இதையெல்லாம் ஜெர்மனி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாரே!

சனிக்கிழமை உத்தரவு போட்டார்.

"நாளைக்கு என்னையப் பேர் சொல்லிக் கூப்புடணும்."

"ஆத்தி! ஒங்க ஆயுசு கொறஞ்சுரும்ங்க."

"அதெல்லாம் சும்மா" என்றார். போய்க் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் எப்போது என்று பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். இரவல் பீங்கான் தட்டில் சோறு வந்தது, கோழி வந்தது, ரசம் வந்தது. பேர் மட்டும் வரவில்லை. அழகுசுந்தரம் செருமினார், கண்ணைக் காட்டினார். கடைசியில் சோலையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "அழகுசுந்தரம்!" என்றாள்.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். புருஷன் உயிரோடுதான் இருந்தார்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. "அழகுசுந்தரம், மோரு ஊத்தவா? அழகுசுந்தரம், தொரைக்குத் தண்ணி குடுங்க!" நாச்சியார் தன் வீட்டுச் சன்னலில் தலையை நீட்டினாள்.

சாப்பிட்டு முடித்த துரை, தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தார். அழகுசுந்தரம் பதறிப்போய்ப் பிடுங்கினார். துரை விடவில்லை. சோலையம்மாளைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டு, தட்டைத் தேய்த்துக் காட்டி, "டெய்லி" என்றார்.

பால்காரர் புண்ணியத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான்.

துரை கிளம்பிப் போனதும் அழகுசுந்தரம் பெருமூச்சு விட்டார். "போதும். இனிமே பழையபடியே கூப்புடு."

"ஏன், கூப்புட நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு மில்லுக்குச் சோறு கொண்டாருவேன்ல? கேட்டுல நின்னு ஒரு சத்தம் குடுக்குறேன்."

மில் கேட்! ஷிப்டு விடும் நேரம், அத்தனை பேருக்கும் நடுவிலா? அழகுசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம் தாயி! நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

சோலையம்மாள் எச்சில் பாத்திரங்களை அள்ளிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் சாம்பலையும் வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் பேர் கேட்டதில்லை. அவர் பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான் கேட்கிறது.