பெட்டிக்காரருக்குத் தறி நிற்குமா?

காஞ்சிபுரத்தில் கோபுரத்தைக் கண்டு கும்பிடாதவர்கள்கூட இருப்பார்கள். எங்கள் தெருவில் பெட்டிக்காரரைக் கண்டு கதவைச் சாத்தாதவர்கள் கிடையாது. சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். அவருடைய குட்டி யானை வண்டி ஒரு வாசலில் சும்மா நின்றாலே, அந்த வீட்டுக்காரர் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார்.

ஒருமுறை டயரில் காற்று இறங்கி எங்கள் வாசலில் நின்றுவிட்டார். கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது என்று சாதித்துவந்த என் பெரியப்பா, தெருவுக்கே வந்து வண்டியைத் தள்ளினார். பெட்டிக்காரர் அவரைத் தலைமுதல் கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல ஒயரம் பெரியவரே. கால மடக்கித்தான் வெக்கணும்."

அன்றிலிருந்து பெரியப்பா கூன் போட்டுத்தான் நடக்கிறார்.

பெட்டிக்காரரின் மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவர், அதன் பிறகு டீக்கடையில் இரண்டு தேசங்களையும் தராசில் வைத்து நிறுத்தபடியே இருந்தார்.

"கொழாத் தண்ணிய அப்டியே குடிக்கலாம்பா. பஸ்ஸு சொன்ன நேரத்துக்கு வருது. ஆஸ்பத்திரில யாரும் அதட்றதில்ல."

"அப்ப அங்கியே இருந்திருக்கலாமேண்ணே?"

"நாடே நம்ம பெட்டியாட்டம் இருக்குதுபா. உயிரோட இருக்கறப்பவே உள்ள வெச்சிர்றாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். மகள் இருந்த கட்டடத்தில் மேல்வீட்டுக் கிழவர் ஒருவர் இறந்துவிட்டாராம். பையில் சுற்றி லிஃப்டில் இறக்கும்போது இவரும் தெரியாமல் ஏறிவிட்டார். நடுவில் ஒரு பெண் காய்கறியோடு ஏறினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, வாயைத் திறக்கவில்லை.

"அப்டி ஒரு அமைதிபா. நானும் போயிட்டனோன்னு என்னியே கிள்ளிப் பாத்துக்கினேன்."

எங்கள் நெசவுத் தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓடாது. பெட்டிக்காரரின் தராசு அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது. மகள் நிரந்தரமாக வரச்சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

"அங்க நான் செத்தா யாரும் வரமாட்டாங்க. இங்கியும் என்னப் பாத்தா கதவச் சாத்தறாங்க. எனக்குத் தறி நிக்குமாபா?"

டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

கனடாவுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும். பெட்டியின் மோட்டாரைப் பழுது பார்த்த பெட்டிக்காரர், குளிர்ச்சி சரியாக இருக்கிறதா என்று தானே உள்ளே படுத்துப் பார்த்தார். வாடிக்கையாளர் புகார் சொல்லமாட்டார், நாம்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. வழக்கமாகக் கொட்டகைக்குள் ரகசியமாகச் செய்கிற வேலை. அன்றைக்குக் கத்திரி வெயில் தாங்காமல் பெட்டியை வாசல் வேப்பமரத்தடிக்கு இழுத்திருந்தார். கண்ணாடி மூடியைப் பாதி திறந்துவைத்த சுகத்தில் தூங்கிப்போனார். பக்கத்தில் பூக்கட்டும் செல்வி அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். கையைத் தொட்டால் பனிக்கட்டி. வீரிட்டு அலறினாள்.

அதன் பிறகு கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. முதலில் கோடி வீட்டுத் தறி நின்றது. பிறகு அதற்கடுத்த வீடு. சத்தம் ஒவ்வொரு வீடாக அணைந்துகொண்டே எங்கள் வீட்டை நோக்கி வந்தது. என் அண்ணன் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தான். தெருவில் மிச்சமிருந்தது பெட்டியின் மோட்டார் உறுமல் மட்டும்தான். கதவைச் சாத்துகிறவர்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பெரியப்பா கூனை மறந்து நிமிர்ந்து நின்று, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பெட்டிக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

ஓடியவர்களில் பெரியப்பாவுக்குத்தான் முதலிடம். நான் ஓடவில்லை. தைரியம் அல்ல, ஓடுகிறவர்கள் எனக்கு வழி விடவில்லை. பெட்டிக்காரர் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக் கேட்டார்.

"தறிச்சத்தம் காணோமேபா. யாரு போயிட்டது?"

"நீங்கதாண்ணே."

அவர் பெட்டியிலிருந்து இறங்கி மோட்டாரை அணைத்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார்.

இப்போது தெருவில் யாரைக் கேட்டாலும், "யாரு அவருக்கு நிறுத்தனது? நாங்க மத்தியானச் சோறு சாப்புட எழுந்தோம்" என்கிறார்கள். மணி அப்போது காலை பத்துகூட ஆகவில்லை. பெட்டிக்காரர் காதுபட மட்டும் இதை யாரும் சொன்னதில்லை. சொல்ல நானும் விடமாட்டேன்.