காதலி உயரத்தில் ஒரு லைட் ஸ்டாண்ட்

"அவர் நிக்கிற ஃபிரேம்ல நான் நிக்க மாட்டேன்," என்றாள் கதாநாயகி, கேரவன் கதவை அரை அடி மட்டும் திறந்து.

"இது காதல் படம்மா," என்றார் இயக்குநர்.

"யாரு இல்லேன்னா? அவர் அவர் பாட்டுக்குக் காதலிக்கட்டும். நான் என் பாட்டுக்குக் காதலிக்கிறேன்."

கதவு மூடிக்கொண்டது.

முதல் நாள் படப்பிடிப்பு ஒழுங்காகத்தான் நடந்தது. கதாநாயகனின் கார் கதாநாயகி மேல் மோதியது. அவள் கையிலிருந்த காகிதங்கள் பறந்தன. அவள் சாலையில் மல்லாந்து விழுந்தாள். அவன் ஓடிவந்து குனிந்தான். மோதலில் தொடங்காத காதலை எந்தத் தயாரிப்பாளரும் காதலென்று ஒப்புக்கொள்வதில்லை. அவன் மடியில் அவள் கண் திறப்பதை மட்டும் மறுநாள் எடுப்பதாக இருந்தது.

அன்று மாலை ஒரு பேட்டியில், அவள் நடிப்பு எப்படி என்று கதாநாயகனைக் கேட்டார்கள். "இன்னிக்கு முழுக்க விழுந்து கிடந்தாங்க. அதை நல்லாவே செஞ்சாங்க," என்றான் அவன். அத்தோடு சரி.

இயக்குநருக்கு இது முதல் படம்; சிரிக்க வைக்கும் காதல் கதை. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் படங்களில் கிளாப் அடித்தும் குடை பிடித்தும் கிடைத்தது. "இருபது நாள்ல முடிக்கலேன்னா என் மச்சான் முடிச்சிடுவான் தம்பி," என்று தயாரிப்பாளர் அன்போடு சொல்லியிருந்தார். அந்த மச்சான் கல்யாண வீடியோ எடுப்பவர். தினமும் செட்டுக்கு வந்து, இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார்.

ஆகவே சண்டை வெளியே தெரியக் கூடாது. காலையில் அவனை எடுப்பது, மதியம் அவளை எடுப்பது, மீதியை எடிட்டிங்கில் சேர்ப்பது என்று இயக்குநர் முடிவு செய்தார். காபிக் கடைக் காட்சியில் காதலியின் உயரத்துக்கு ஒரு லைட் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் கழுத்தில் அவள் துப்பட்டாவைச் சுற்றினார்கள். கதாநாயகன் அதன் கண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து உருகினான். அவன் அவ்வளவு நன்றாக நடித்து யாரும் பார்த்ததில்லை.

காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கன்டின்யுட்டிப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், தூர ஷாட்ல எதிர் நாற்காலி காலியா இருக்கு."

"ஸ்டாண்ட் எங்க?"

"ஸ்டாண்ட் தெரியக் கூடாதுன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க. அப்புறம், சர்வர் ஒரே ஒரு காபிதான் வைக்கிறாரு."

"அந்தப் பொண்ணு காபி குடிக்காதுன்னு வெச்சுக்க."

ஸ்டாண்டின் புகழ் மதியத்துக்குள் கேரவனை எட்டிவிட்டது.

"கம்பியோட ரொம்பப் பொருத்தமாமே," என்றாள் கதாநாயகி. "அதையே கட்டிக்கச் சொல்லுங்க. எனக்கு இன்னும் ரெண்டே மதியம்தான் டைம்."

அதனால் அவன் அம்மா வீட்டுக் காட்சியில் அவள் இல்லாமல் போனாள். அவன் கதவைத் திறந்து, "அம்மா, இவதான்," என்று வெற்று வாசலைக் காட்டினான். அம்மாவாக நடித்தவர் குழம்பினார்.

"நான் யாரைப்பா பாக்கணும்?"

"யாரையும் பாக்காதீங்கம்மா. பையனை மட்டும் பாருங்க. கண்ணு கலங்குங்க. திரும்பி சமையல்கட்டுக்குப் போயிடுங்க."

"சார், வீட்டுக்கு வந்த பொண்ணை ஒரு தடவைகூடப் பாக்க மாட்டாங்களா?" என்றாள் கன்டின்யுட்டிப் பெண்.

"மாமியார் மருமகளை ஏறெடுத்துப் பாத்தாத்தான் நம்ப மாட்டாங்க. இதுதான் யதார்த்தம்."

கடைசிக் காட்சி கடற்கரை. காலையில் அவன் சிரித்துப் பேசியபடி மணலில் தனியாக நடந்தான். மதியம் அவள் அலையைப் பார்த்தபடி நின்றாள். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒன்றரைப் பக்க வசனத்தை இயக்குநர் அடித்துவிட்டு, யார் எதைக் கேட்டாலும் பொருந்தும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "நான் எங்கயும் போகல. உன் பக்கத்துலதான் இருக்கேன்."

"சார், மணல்ல ஒரு ஆளோட கால்தடம்தான் இருக்கு."

"காதல்னு வந்துட்டா ரெண்டு பேரும் ஒண்ணுதானே."

அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டாள்.

இருபதாம் நாள் படம் முடிந்தது. முதல் பிரதியைப் பார்க்கத் தயாரிப்பாளரும் மச்சானும் சின்னத் திரையரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் பின்வரிசையில், கதவருகே.

முதல் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. ஒற்றைக் காபி வந்தபோது தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். அம்மா சமையலறைக்குத் திரும்பியபோது மச்சான் விசும்பினார். சிரிப்புப் படம் எடுத்து மனிதர்களை அழவைத்தவனுக்கு இனி கிளாப் அடிக்கும் வேலைகூடக் கிடைக்குமா என்று இயக்குநர் யோசித்தார். கடற்கரையில் அவள் அந்த ஒரு வரியைச் சொன்னபோது முன்வரிசை முழுவதும் குலுங்கியது.

விளக்கு எரிந்தது. யாரும் எழவில்லை.

"அண்ணே, மன்னிச்சிடுங்க," என்று இயக்குநர் தொடங்கினார். "மச்சான்கிட்டயே கொடுத்து..."

தயாரிப்பாளர் எழுந்துவந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார். "ஒண்ணும் பேசாத தம்பி. மனசு தாங்கல." மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டே, இயக்குநர் உட்காரத் தன் நாற்காலியைக் காட்டினார்.

ஏதோ நடந்துவிட்டது. என்னவென்றுதான் இயக்குநருக்குப் புரியவில்லை.

முப்பது வருடமாகப் படம் ஓட்டுகிறவர் மேலேயிருந்து மெல்ல இறங்கி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எல்லாம் சரி சார். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் மனசு கேக்கல. கார் மோதுன அன்னிக்கே அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு அந்த ஹீரோ தம்பிகிட்ட கடைசி வரைக்கும் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?"