சம்பல் பிசையும் கை

இரும்பு வயிற்றுக்காரர் என்றோர் இனம் உண்டு. தேயிலை மலையில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பண்டாரவளை பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையிலும் இருக்கலாம். ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்பார், முந்தாநாள் குழம்பை முகர்ந்து பார்க்காமல் ஊற்றிக்கொள்வார், ஈ உட்கார்ந்த வடையை ஊதி வாயில் போடுவார், போட்டுவிட்டு நம்மைப் பார்த்துச் சொல்வார்: "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

ஆகவும் ஆகாது. ஆவதெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மாடசாமி அண்ணன் இருக்கிறார். கல்யாணமோ கருமாதியோ மாரியம்மன் கோயில் அன்னதானமோ, தேங்காய்ச் சம்பலை அவர்தான் பிசைய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். சோறு வேகும், பருப்பு வேகும். சம்பல் மட்டும் வேகாது. முழங்கை வரை அண்டாவுக்குள் விட்டுப் பிசைவார். கரண்டியை நீட்டினால் கோபம் வரும். "கரண்டிக்கு ருசி தெரியுமா?" சவர்க்காரத்தை நீட்டினால் இன்னும் கோபம். கை மணம் போய்விடுமாம்.

விருந்து முடிந்து இரண்டு வாரத்தில் லயத்தில் யாராவது காய்ச்சலில் படுப்பார்கள். காரணம் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டாமா? அவரே வருவார். வெலிமடை லீக்ஸில் பூச்சிமருந்து என்பார். பெரகலக் கடை முட்டை பழசு என்பார். குழாய், பனி, கண்ணேறு என்று எல்லாமே விசாரணைக்கு வந்து போகும். அவருடைய உள்ளங்கை மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை.

இந்த வருடம் தை அன்னதானத்துக்குப் பிறகு படுத்தவள் தயானி. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. மாடசாமி அண்ணன் வைத்தியமும் பார்ப்பார். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் அதில்தான் போய்ச் சேரும். அவருக்கே முன்னொரு காலத்தில் இதே காய்ச்சல் வந்து, இரண்டு வார மாத்திரையை நாலாம் நாளே நிறுத்தித்தான் அந்த டின்னைத் தொடங்கினார். தயானியின் அம்மா சுபாஜினியிடம் நாலு மாத்திரை கொடுத்தார். "இது போதும் தங்கச்சி. காய்ச்சல் விட்டா நிப்பாட்டிரு."

விட்டது. நிறுத்தினாள். நாலு நாளில் திரும்பி வந்த காய்ச்சலில் பிள்ளை தாயை அடையாளம் தெரியாமல் பேசினாள். பதுளை ஆஸ்பத்திரியில் வழக்கமான மருந்து எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் ஊசியிலேயே கிடந்து, பாதி முடி கொட்டி வீட்டுக்கு வந்தாள். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. தனேஸ்வரன் ஐயா வந்து, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். இந்த டைபாய்டு காய்ச்சலைத் தருவது சல்மோனெல்லா என்னும் கிருமியின் ஒரு வகை. மனிதனை விட்டால் அதற்கு வேறு வீடில்லை. அதனால் சிலருடைய பித்தப்பையில், வீட்டுக்காரரோடு சண்டை போடாத வாடகையாள் மாதிரி வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் குடியிருக்கும். அரைகுறையாக மாத்திரை போட்டால் பலவீனமானவை சாகும். தப்பியவை பெருகி, அந்த மருந்தைச் சமாளிக்கும் வித்தையைத் தம் பிள்ளைகளுக்கும் கொடுக்கும். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். அந்தக் கிருமி படிப்பை நிறுத்துவதே இல்லை.

ஐயா மாடசாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள்தானே சம்பல் பிசையிறனீங்கள்? ஒரு சின்னப் போத்தில் தாறன். நாளைக்குக் காலமை அதில கொஞ்சம் போட்டுத் தாங்கோ."

"எதுல கொஞ்சம்?"

"காலமை போறதிலதான்."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டோம். அண்ணன் எழுந்துவிட்டார். "முப்பது வருசமா பிசையிற கைங்க இது. அதுக்கு வேற எடத்துல போயா சாட்சி தேடுவீங்க?"

ஆனாலும் மறுநாள் போத்தல் போனது. கிருமி இல்லை என்று பதில் வந்தது. அண்ணன் அதை லெமினேட் செய்து கோயில் சமையல் கொட்டகையில் தொங்கவிட்டார்.

பிள்ளை பிழைத்ததற்காகச் சுபாஜினி வேண்டுதல் சோறு போட்டாள். தயானிக்கு முதல் இலை. மெலிந்த பிள்ளை, பசியோடு, சம்பல் வருமென்று பார்த்திருந்தாள். அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டினார். அண்டாவில் தேங்காய்ப்பூவைக் கொட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பெரியாயி அக்கா நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தாள்.

"இந்தாங்க. கைய எடுங்க."

"என்னாடி?"

"அந்தப் போத்தல்ல போனது ஒங்களோடது இல்ல. என்னோடது."

 சுபாஜினி லெமினேட் தாளைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள்.

"அப்ப இது ஒங்க சர்ட்டிபிகேட்டு அக்கா. நீங்களே பிசைங்க. இந்தா சவுக்காரம்."

அக்கா முழங்கை வரை கழுவினாள். சம்பலில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணனுடைய சொந்தப் போத்தல் பிறகு போனது. வாடகையாள் உள்ளேதான் இருக்கிறார். இப்போது ஒரு மாத மாத்திரை. தினமும் அக்கா முன்னால் நின்று விழுங்க வைக்கிறாள். "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலியே, எனக்கு எதுக்கு?" என்று தினமும் கேட்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வயிறு நன்றாக இருக்கிறதா? காய்ச்சல் வந்து பல வருடம் ஆகிறதா? போன தடவை மிஞ்சிய மாத்திரை அலுமாரியில் பத்திரமாக இருக்கிறதா? ரொம்ப நல்லது. எங்கள் கோயில் அன்னதானத்துக்கு அவசியம் வாருங்கள். அண்டாவுக்குக் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.