முள்ளுக்காரர் கேட்ட தேதி

1938 மார்ச் 7, திங்கட்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கிணற்றில் எட்டு வாளி இறைத்துக் குளித்தேன். ஏழு மணிக்குப் பழையதும் மாங்காய் ஊறுகாயும். எட்டு மணிக்கு அலுவலகம். நிலப் பத்திரங்களைப் பிரெஞ்சில் படியெடுப்பது என் வேலை. அன்று ஏழு பத்திரம் முடித்தேன். மாலை நாலரைக்கு வீடு திரும்பினேன். நாலே முக்காலுக்கு முள்ளுக்காரர் வந்தார்.

டைரியில் அவ்வளவுதான் இருக்கிறது. மீதியை இப்போது எழுதுகிறேன்.

மின்சார மீட்டரின் முகத்தைப் பார்த்து ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டதைச் சொல்லக்கூடிய மனிதர் பிரெஞ்சு இந்தியா முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் வில்லியனூருக்கு வாய்த்தார். அவர் பெயர் மின்சாரக் கம்பெனிப் பதிவேட்டில் இருந்திருக்கும். மாதாமாதம் வந்து மீட்டர் முள்ளைப் பார்த்து எண் குறிப்பதால் எங்களுக்கு அவர் முள்ளுக்காரர். காக்கிக் கோட்டு, ரப்பர் அடி வைத்த கான்வாஸ் சப்பாத்து, காதில் ஒரு பென்சில். மின்சாரம் எடுத்திருந்த வீடுகள் ஊரில் அப்போது நாற்பதுகூட இராது. அந்த நாற்பதையும் பார்த்து முடிக்க அவருக்கு ஆறு நாள் ஆகும்.

காரணம் உண்டு. அந்தக் காலத்து மீட்டரில் சின்னக் கடிகாரங்கள்போல நாலு வட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முள். முதல் முள் வலமாகச் சுற்றினால் அடுத்தது இடமாகச் சுற்றும், அதற்கடுத்தது மறுபடி வலம். எந்த முள் எந்தப் பக்கம் போகிறது என்று குழம்பாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மீட்டருக்கு எதிரே கால்களை அகட்டி நின்று, வலக்கையை ஒரு பக்கமாகவும் இடக்கையை எதிர்ப்பக்கமாகவும் ராட்டினம்போல் சுற்றுவார். சுற்றி முடித்ததும் எண் தானாக அவர் வாயில் வரும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக் கூடாது. உரலில் இடிக்கிறவர்கள் உலக்கையைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். "கொஞ்சம் பொறுங்கம்மா, முள்ளு மெரளுது" என்பார்.

எண்ணை எழுதிக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகமாட்டார். போன மாதத்தைவிட ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஜவுளிக்கடை பாய் வீட்டில் ஒரு மாதம் முள் ஏகமாக ஓடியிருந்தது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்றார் பாய். முள்ளுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. முள் பொய் சொல்லாது என்று மூன்று நாள் விடாமல் போய் விசாரித்தார். கடைசியில் பாயின் மாமியார் பல்லிக்குப் பயந்து விடிய விடிய விளக்கை எரியவிட்டது தெரிந்தது. மாமியாரை ஒன்றும் சொல்ல முடியாது. பாய் பல்லி பிடிக்க ஆள் வைத்தார்.

கரும்புத் தோட்டக்காரர் வீட்டில் நேர் எதிர். நாலு மாதமாக முள் அசையவில்லை. மீட்டர் செத்துவிட்டது என்று முள்ளுக்காரர் காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டி, பென்சிலை எடுத்தார். வீட்டுக்காரர் அவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். கூடத்தில் தொங்கிய பல்பை மஞ்சள் துணியால் மூட்டை கட்டியிருந்தார்கள். எரித்தால் தேய்ந்துவிடுமாம். வெளியூர்ச் சம்பந்தி வரும்போது மட்டும் அவிழ்ப்பார்களாம். சம்பந்தி எப்போது வருவார் என்று முள்ளுக்காரர் கேட்டார். தை மாதம் என்றார்கள். அதைக் குறித்துக்கொண்டு, தை பிறந்ததும் போய்ப் பார்த்தார். முள் அரை எண் நகர்ந்திருந்தது. அன்று அவர் தெருவில் வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தச் சம்பந்தியின் நலத்தைச் சொல்லிக்கொண்டு போனார்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

என் வீட்டில் ஒன்பது மணிக்கு விளக்கு அணையும். ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஜனவரி 27 அன்று என் மனைவி தனம் விளக்கடியில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். மணி ஒன்பது அடித்தது. அணைத்தேன். "இன்னும் ஒரு சாண்தாங்க இருந்துது" என்றாள் இருட்டில். மறுநாள் தங்கை வளைகாப்புக்கென்று கரிக்கலாம்பாக்கத்துக்குப் புறப்பட்டாள். நாலு நாளில் வருவதாகச் சொன்னாள். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து என் டைரியில் தினமும் கடைசி வரி, "தனம் வரவில்லை." மார்ச் 6 வரை முப்பத்து நாலு வரி. இரண்டு கடிதம் எழுதினேன். எதைச் சொல்ல நினைத்தேனோ அதைச் சரியாகச் சொல்லும் வாக்கியம் அமையவில்லை. கிழித்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் முள்ளுக்காரர் வந்து கையைச் சுற்றினார். சுற்றி முடித்தார். மறுபடி சுற்றினார். மூன்றாம் முறை சுற்றிவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டார்.

"முசே, ரெண்டுதான் ஓடியிருக்கு." பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஊரில் என்னை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். "எப்பவும் பதினொண்ணு ஓடும். அம்மா இல்லியா?"

தங்கை வளைகாப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். எப்போது போனார்கள் என்றார். தேதியைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.

"முப்பத்தெட்டு நாளா வளைகாப்பு? இந்நேரம் கொழந்தையே பொறந்திருக்குமே."

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் இருந்தாக்கூட ஆறு ஓடணும் முசே. நீங்களும் வெளக்கு போடறதில்லியா? இருட்டுலயா குந்தினு இருக்கீங்க?"

அதுவரை யாரும் என்னை அதைக் கேட்கவில்லை. உண்மைதான். விளக்கைப் போட்டால் அவள் உட்காரும் இடம் தெரிகிறது. போடாவிட்டால் அவள் அங்கே இருக்கிறாள் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்ளலாம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கண்வலி என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். முள் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போனால், வீட்டுக்காரர் அந்தச் சீட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் கெட்டுவிட்டதென்று கழற்றிப் போய்விடுவார்கள். மை தொட்டு எழுதினேன்: "மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள்." பிரெஞ்சில் எழுதியபோது அந்த வாக்கியம் இன்னும் ஒட்டுதல் இல்லாமல் இருந்தது.

சீட்டின் அடியில் அவர் விரலை வைத்தார்.

"இங்க அம்மா திரும்புற தேதி போடணும் முசே."

"தெரியாது."

"தெரியாதுன்னு எழுதறதுக்கு எடமில்லியே. ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து போடுங்க. கரிக்கலாம்பாக்கம் இன்னா கடல் தாண்டியா கீது? நான் புதங்கெழம வந்து வாங்கிக்கிறேன்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

சீட்டைப் படித்தேன். பிரெஞ்சு அச்சில் மூன்று வரிதான் இருந்தது. பெயர், தெரு, காரணம். திரும்பும் தேதிக்கு வரி இல்லை. அவர் விரல் வைத்தது வெறும் காகிதத்தில். அவருக்குப் பிரெஞ்சு ஓரெழுத்தும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு புள்ளி தவறினாலும் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அவர் அப்போது எதிர்வீட்டில் நின்று கைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. அவர் வேலையை விட்டுச் சுத்துக்கேணிக்குப் போய், மின்சாரமே வராத அந்த ஊரில் உட்கார்ந்திருக்கும் இன்றுவரை அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது வருகிறவர் அரை நிமிஷத்தில் எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுகிறார். கையைச் சுற்றுவதில்லை. ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்ற கேள்வியே அவருக்கு இல்லை.

அன்று மாலை உள்ளே போய் அளவுகோலை எடுத்து வந்தேன். அவர் விரல் வைத்த இடத்தில், நாலு பக்கமும் நேராக, நானே ஒரு கட்டம் போட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, குளிக்காமல்கூட, கடைத்தெருவுக்குப் போய் ஒரு மாட்டு வண்டி பிடித்தேன். கரிக்கலாம்பாக்கம் என்றேன். திரும்ப எத்தனை மணியாகும் என்று வண்டிக்காரர் கேட்டார்.

"அவங்களக் கேட்டுத்தாம்பா சொல்லணும்" என்று ஏறி உட்கார்ந்தேன்.