செருப்பு மாட்டவும் பகடையா?

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மருமகளின் அப்பா வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே உங்கள் மகன், என் மகள், நான், மூவரும் நலம். நான்காவதாக ஒருவன் இருக்கிறான், அவன் நிலைமைதான் கவலைக்கிடம். இதுவரை என் மகள் எழுதும் கடிதத்தின் அடியில் 'அப்பாவும் விசாரித்தார்' என்று ஒரே வரியாக வந்துகொண்டிருந்தேன். மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் பழகிவிட்டதால் இந்தத் தடவை முழுக் கடிதமும் நானே. மெதுவாகத்தான் எழுதுகிறேன், நீங்களும் மெதுவாகப் படித்தால் சரியாக இருக்கும்.

அந்த நான்காவது ஆள் யார் என்று பதற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கிறது. ஆளுக்கு ஒரு கற்பனை மனிதர். மாப்பிள்ளை கதை சொல்லி நடத்துவார். இதோ கோட்டை, இதோ காடு, என்ன செய்கிறீர்கள் என்பார். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். அது பலித்ததா என்று இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். பெரிய எண் விழுந்தால் பலித்தது, சின்ன எண் விழுந்தால் வம்பு. என் மகள் மந்திரவாதி, கீழ்வீட்டுத் தையல்காரம்மா படைத்தலைவி, எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் வைத்தியர். நான் திருடன், அந்த நான்காவது ஆள் இவன்தான். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்டில் நின்று அடுத்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்டு நல்ல பெயர் வாங்கினேன். இப்போது யாரையும் கேட்காமல் கதவு திறக்கும் வேலை கிடைத்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு வருவதற்கு முன் எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடந்த பேச்செல்லாம் "சாப்டாச்சா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை" என்ற அளவுதான். இப்போது அவர் நேராக என் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க மாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

புகாருக்கு வருகிறேன். உங்கள் மகன் கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிறவர். அந்தப் புத்தியை வீட்டு வாசலில் கழற்றி வைக்க மாட்டேன் என்கிறார். வாயால் சொன்ன ஒவ்வொரு செயலுக்கும் ஓர் உருட்டு, அது யாராக இருந்தாலும் சரி என்பது அவர் சட்டம். மற்றவர்கள் "உள்ள போறேன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், ஓர் உருட்டோடு போயிற்று. நானோ என் திருடன் செய்யப்போவதையெல்லாம் வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறேன். எழுந்தான், செருப்பை மாட்டினான், பானையில் தண்ணீர் குடித்தான், தாழ்ப்பாளை விலக்கினான் என்று நான் வாசிக்க வாசிக்க மாப்பிள்ளை பகடையை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். செருப்புக்கு மூன்று விழுந்தது, வார் அறுந்து குப்புற விழுந்தேன். தண்ணீருக்கு இரண்டு விழுந்தது, புரையேறி மூச்சு நின்று வைத்தியர் என் முதுகில் குத்த வேண்டியதாயிற்று, அவர் குத்தியதற்கும் சின்ன எண் விழுந்து என் விலா எலும்பு போயிற்று. திறந்தே கிடந்த கதவுக்கு ஒன்று விழுந்தது, கதவு பெயர்ந்து என் மேலேயே சாய்ந்தது. அந்த நேரத்தில் தையல்காரம்மா ஒரே உருட்டில் ஒரு பூதத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, "பூதத்தை நான் பாத்துக்கறேன் பெரியவரே, நீங்க அந்தத் தண்ணிப் பானைகிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்கிறார்!

என் மகளிடம் முறையிட்டேன். "அப்பா, சுருக்கமாச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள். சம்பந்தியம்மா, எழுதக் கற்றுக்கொண்ட வேகத்தில் இருப்பவனிடம் போய்ச் சுருக்கச் சொன்னால் அடுக்குமா? பிறகு மாப்பிள்ளையையே கேட்டுவிட்டேன்.

"தினம் காலைல செருப்பு போடறேனே மாப்பிள்ளை, அப்ப பகடையா உருட்டறேன்?"

"நிஜத்துல உங்களை யாரும் துரத்தலயே மாமா."

"கதையிலயும்தான் யாரும் துரத்தல! நாய் துரத்தும்போது செருப்பு மாட்டினா உருட்டச் சொல்லுங்க, நியாயம். சும்மா மாட்டறதுக்கு எதுக்கு?"

அவர் பகடையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல, "உங்களுக்கு மட்டும் விட்டுட்டா, மாமனாருக்குச் சலுகைன்னு சொல்லுவாங்க மாமா" என்றார்.

"சொல்லுவோம், ஊரெல்லாம் சொல்லுவோம்" என்றார் முடிதிருத்துகிறவர். அவர் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் மாப்பிள்ளை பகடையை மறுபடியும் என் பக்கமே தள்ளிவிட்டார்.

இப்போது என் திருடன் கோபுரத்தின் உச்சியில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏணியில் இறங்க வேண்டும். ஒரு சின்ன எண் விழுந்தால் செத்தான். செத்தவர்களுக்குக் கதை முடியும்வரை மேசையில் இடம் கிடையாது, அதுவும் மாப்பிள்ளை சட்டம். இந்தக் கதை இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. நான் மறுபடியும் 'சாப்டாச்சா மாமா'வுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே நீங்கள் பெரிய மனது வைத்து மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தூக்கக் கலக்கத்தில்கூடச் செய்யக்கூடிய காரியத்துக்குப் பகடை வேண்டாம், ஆபத்து வரும்போது மட்டும் உருட்டினால் போதும், எல்லோருக்கும் அதே சட்டம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் எழுதிக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் முழங்கால் வலி விட்டுப்போய், இரத்த அழுத்தம் இறங்கி, மகனும் மருமகளும் மெச்ச நெடுநாள் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தயவுசெய்து தொலைபேசி வேண்டாம். மாப்பிள்ளை தானாகவே, "இனிமே சாதாரண வேலைக்குப் பகடை கெடையாது, எல்லாருக்கும்தான்" என்று அறிவித்துவிட்டார். நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஏணியைப் பிடித்தேன், கால் வைத்தேன், இறங்கினேன். "இறங்கிட்டீங்க மாமா" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, தையல்காரம்மா ஒரு கிண்டல்கூடச் செய்யாமல் கொட்டாவி விட்டார். எனக்குத் தாங்கவில்லை. மறுபடியும் மேலே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாக இறங்கப்போகிறேன், பகடையைக் கொடுங்கள் என்றேன். ஒன்று விழுந்தது. செத்துப்போனேன். மேசையே அதிர்ந்தது, முடிதிருத்துகிறவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. சட்டம் சட்டம்தானே என்று நான் எழுந்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "எங்க போறீங்க? பேயா வாங்க மாமா" என்றார். "மாமனாருக்குச் சலுகை!" என்று எல்லோரும் கத்தினார்கள். "ஆமா, சலுகைதான், இப்ப என்ன?" என்றார் உங்கள் மகன். ஆனாலும் செத்தவனுக்கு மேசையில் இடம் இல்லை என்பதை மதித்து, அன்று முழுக்க ஓரமாக நின்றுகொண்டேதான் விளையாடினேன். "கால் வலிக்கலயா மாமா?" என்று கேட்டார். "பேய்க்கு ஏது மாப்பிள்ளை கால்?" என்றேன். அவரே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.